குந்தி ஏன் முன்னாடியே சொல்லலே?

சித்திரை பிறந்தால் எங்கள் திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா களைகட்டிவிடும். பகலில் பாரதம் படிப்பார்கள். ராத்திரி விடிய விடிய தெருக்கூத்து. இந்தத் தடவை செங்கம் பக்கம் என் பிறந்த ஊரில் 'கர்ண மோட்சம்' என்றார்கள். பதினோரு வயசுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பாயும் போர்வையுமாய்ப் போய் உட்கார்ந்தேன்.

கர்ணன் சாகப்போகிறான் என்று கடலை விற்கிற பாட்டிக்குக்கூடத் தெரியும். பிறகு ஏன் அழுகிறோம்? எதிரே நிற்பவன் தன் அண்ணன் என்று அர்ச்சுனனுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். அதுதான் வயிற்றைப் பிசைகிறது. தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன் என்று ஒரு காலத்தில் புருஷனை இளக்காரமாய் நினைத்த பொன்னுருவி, இப்போது போருக்குப் போக வேண்டாமென்று மறிக்கிறாள். நடுவில் கட்டியக்காரன் சிரிக்க வைக்கிறான். சிரித்த வாய் மூடுமுன் கண்ணீர் வந்துவிடுகிறது.

கர்ணனைக் கவிழ்த்ததே அவன் நல்ல குணம்தான். கேட்டதைக் கொடுக்கிற கை, உப்பிட்டவனை விடாத மனசு. (சபையில் பாஞ்சாலியை ஏசிய வாயும் அவனுடையதுதான். அதை நான் மன்னிக்கமாட்டேன்.) முழுக்க நல்லவனும் இல்லாமல், கெட்டவனும் இல்லாமல், ஏதோ ஒரு பிழையால் விழுகிறவன்தான் சோக நாடகத்துக்கு ஏற்றவன் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறாராம். காலேஜில் இலக்கியம் படிக்கிற என் மூத்தவள் சொன்னாள். சுமார் 2,400 வருஷத்துக்கு முன் சொஃபோக்ளீஸ் எழுதிய ஈடிபஸும் பிறந்ததுமே விடப்பட்ட பிள்ளைதான். பெற்றவர் யாரென்று தெரியாமலே அப்பாவைக் கொன்றுவிட்டு, பிற்பாடு தெரிந்துகொள்கிறான். கிரேக்க நாடானால் என்ன, செங்கமானால் என்ன, உண்மை வேளை தப்பித்தான் வருகிறது.

குந்தி மகனை மடியில் போட்டுக்கொண்டு கதறும்போது பையன் என் முந்தானையை இழுத்தான்.

"ஏம்மா, குந்தி முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லே?"

"சண்டைக்கு முந்தி சொன்னாளேடா."

"அது ரொம்ப லேட்டும்மா."

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இவனை நான் பெறவில்லை. பிரசவத்தில் என் ஓரகத்தி கண்ணை மூடியபோது எட்டு நாள் குழந்தையாய் என் கைக்கு வந்தான். பெற்ற அப்பாவையே 'சித்தப்பா' என்று கூப்பிடுகிறான். ஊருக்கெல்லாம் தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. "படிப்பு முடியட்டும், சொல்லிக்கலாம்" என்பார் என் வீட்டுக்காரர். நானும் சரியென்று இருந்துவிட்டேன். யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் என்று எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறேன்!

ஊர் திரும்பிய மறுநாள் அவரிடம் சொல்லிவிட்டு, மாடியில் துணி மடிக்கிற சாக்கில் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன். கை நடுங்கியது. அவன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. மடித்த துண்டையே மறுபடி பிரித்து மடித்தான். (அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.)

அப்புறம், "அவங்க போட்டோ இருக்கா?" என்றான்.

கீழே போய், பதினோரு வருஷமாய்ப் பட்டுப்புடவை மடிப்பில் ஒளித்து வைத்திருந்ததை எடுத்து வந்து கொடுத்தேன்.