பிரேக்கிங் நியூஸ்

தொலைக்காட்சியில் சிவப்புப் பட்டை கட்டி ஓடுகிற ‘பிரேக்கிங் நியூஸ்’ என்பதற்கு என்ன பொருள் என்று கேட்டால், ‘மிக முக்கியமான செய்தி’ என்றுதான் பலரும் சொல்லுவார்கள். நான் மறுக்கிறேன்.

ஆங்கிலத்தில் பொழுது புலர்வதற்கும் புயல் கிளம்புவதற்கும் ‘பிரேக்’ என்ற வினையையே சொல்கிறார்கள். இப்போதுதான் வெளிப்படுகிறது, முழு உருவம் இன்னும் தெரியவில்லை என்பதே அதன் உட்பொருள். புலரும் வேளையில் தூரத்தில் நிற்பது மனிதனா மரமா என்று யாரால் அறுதியிட்டுச் சொல்ல முடியும்? ஆகவே அந்தச் சொல் நேயருக்கு ஓர் எச்சரிக்கை: ‘பொறுங்கள், இது மாறலாம்.’ அந்த எச்சரிக்கையைத்தான் இவர்கள் தண்டோராவாக்கிவிட்டார்கள்.

2012 ஜூன் 28-ஆம் தேதி, ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காப்பீடு வாங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயம் செல்லுமா என்பதே வழக்கு. வாணிபத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தால் அது செல்லாது என்று முன்பகுதியில் எழுதிய தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், வரி விதிக்கும் அதிகாரத்தால் செல்லும் என்று பிற்பகுதியில் முடித்திருந்தார். சி.என்.என்., பாக்ஸ் நியூஸ் இரண்டும் முன்பகுதியோடு ஓடிவந்து, கட்டாயம் செல்லாது என்று முழங்கின. அதைப் பார்த்த ஜனாதிபதியே தோற்றுவிட்டதாக எண்ணினாராம்! சில நிமிஷங்களில் திருத்திக்கொண்டார்கள். பக்கத்தைப் புரட்டக்கூடவா நேரமில்லை? முந்திச் சொன்ன பெருமை யாருக்கு வேண்டும்? ஐந்து நிமிஷம் பிந்தித் தெரிந்தால் எந்த வீட்டில் உலை கொதிக்காமல் போகும்?

1930 ஏப்ரல் 18, புனித வெள்ளி. மாலைச் செய்தி நேரத்தில் பி.பி.சி. வானொலி, இன்று செய்தி இல்லை என்று அறிவித்துவிட்டுப் பியானோ இசையை ஒலிபரப்பியது. உலகம் அன்று சும்மா இருக்கவில்லை. சூரியா சென்னின் தோழர்கள் சிட்டகாங் ஆயுதக் கிடங்கைத் தாக்கியதும் அதே நாள்தான். ஆனாலும் கையில் இல்லாததை இருப்பதாகக் காட்டாத நாணயம் அந்த அறிவிப்பில் இருந்தது.

2022 ஜூனில் சி.என்.என். தலைவரே, இந்தப் பட்டையை அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறோம், குறைத்துக்கொள்ளுங்கள் என்று தம் ஊழியர்களுக்கு எழுதினார். ஊதியவர்களுக்கே காது வலித்திருக்கிறது. நம் தமிழ்ச் சேனல்களோ அந்தச் சொல்லைத் தமிழெழுத்தில் அப்படியே போட்டுக்கொள்கின்றன. ‘இன்னும் முழுதாகத் தெரியாத செய்தி’ என்று மொழிபெயர்த்துப் போடட்டுமே! ஒரு வாரம் போட்டுப் பார்க்கட்டும்.