கோடைப் பசிக்கு மாரியில் வைப்பு

ஆனி, ஆடி மாதங்களில் வன்னியிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் நாம் ஆண்டுதோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. குளங்கள் வற்றி, மேய்ச்சல் தரைகள் கருகி, விலாவெலும்பு தெரியும் மாடுகள் பற்றைகளை நாடி அலைகின்றன. பால் குறைகிறது, பசுக்கள் காலத்திற் சினைப்படுவதில்லை. கமக்காரர் வானத்தை நோகின்றனர். எமது கருத்து வேறு. கோடை வருவது புதுமையன்று. வரும் மாதமும் யாவரும் அறிந்ததே. மாரியில் விளைந்த புல்லைச் சேமியாது விட்டமையே குறை. நெல்லை மூடையாகக் கட்டி வைக்கும் நாம், மாட்டின் உணவை மட்டும் அன்றாடம் தேடுகிறோம்.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டென்பதை மறுப்பதற்கில்லை. புல் செழித்திருக்கும்போது வெயில் இல்லை. வெயில் எறிக்கும்போது புல் இல்லை. ஆதலால் காலத்துக்கேற்ப இரு முறைகளைக் கையாளல் வேண்டும்.

மார்கழி, தை மாதங்களில் மழை விட்ட நாள் பார்த்துக் கினிப்புல்லையோ கோ-3 புல்லையோ வெட்டி வாடவிடுக. ஈரம் ஏறக்குறையப் பாதியானதும் சிறிதாக நறுக்கி, தடித்த பொலித்தீன் பையிலோ மூடியுள்ள பிளாஸ்ரிக் பீப்பாவிலோ காற்றுத் தங்காதபடி அமுக்கி அடைத்து இறுக மூடுக. ஒரு பிடி புல்லைக் கையில் முறுக்கினால் நீர் சொட்டலாகாது. காற்று இல்லாவிடத்துப் புல்லிலுள்ள சர்க்கரை புளித்து அமிலமாகும். அவ்வமிலமே புல்லை அழுகாது காக்கிறது. ஹேலேஜ் எனப்படும் இப்பதனப் புல்லை ஆறு வாரங்களின் பின் திறக்கலாம். இனிய புளிப்பு மணம் நன்று. பூஞ்சணம் படிந்த பகுதியை மாட்டுக்குக் கொடுத்தலாகாது.

மாசி, பங்குனியில் வெயில் ஏறியதும் உலர்புல் செய்யும் காலம். புல் பூக்கத் தொடங்கும்போதே வெட்டுதல் வேண்டும். முற்றிய புல் வைக்கோலிலும் அதிகம் சிறந்ததன்று. காலைப் பனி உலர்ந்தபின் வெட்டி, மெல்லிதாகப் பரப்பிப் புரட்டுக. கடும் வெயிலில் ஓரிரு நாட்களே போதும். மேலும் கிடந்தால் பச்சை நிறம் வெளுக்கும், இலை உதிரும், சத்துக் குறையும். தண்டு ஒடிக்கும்போது முறிந்தால் பதம் சரி. ஈரத்துடன் போராக அடுக்கினால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். சில வேளை தீயும் மூளும்.

வைக்கோலை வயலிலே எரிப்பதை நாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரிற் கரைத்துச் சீராகத் தெளித்து, மூன்று வாரம் காற்றுப் புகாது மூடிவைத்தால் அது எளிதிற் செரிக்கும் உணவாகும். சிறு கன்றுகளுக்கு இதனைக் கொடுத்தலாகாது. யூரியாக் கரைசலை எந்த மாடும் குடிக்காதபடி காத்தல் வேண்டும், குடித்தால் உயிர்போகும்.

"கூலிக்கு எங்கே போவது?" என்று கேட்போர் உளர். கணக்கைப் பார்ப்போம். 200 கிலோ எடையுள்ள நாட்டுப் பசுவுக்கு நாளொன்றுக்கு உலர்ந்த எடையில் 5 கிலோ உணவு வேண்டும். 90 நாளைக்கு 450 கிலோ. பாதியை மேய்ச்சலும் குழையும் தருமாயின், சேமிக்க வேண்டியது 225 கிலோவே. இரண்டொரு பசு வைத்திருக்கும் குடும்பம் இதனைத் தன் கையாலேயே செய்து முடிக்கலாம். பெரும் பட்டி உடையோர் அயலவருடன் சேர்ந்து, முறைவைத்து வேலை செய்தல் நன்று.

கோடைப் பட்டினியின் கேடு கோடையோடு முடிவதில்லை. 2022 டிசெம்பரில் வீசிய குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் ஏராளமான மாடுகளும் ஆடுகளும் மடிந்ததை நாம் மறக்கலாகாது. உடலில் வலுவின்றி மாரியை எதிர்கொள்ளும் மாடு குளிரைத் தாங்காது.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளும் வழக்கம் சூடடிக்கும் களத்தோடு நின்றுவிடலாகாது. வரும் மாரியில் ஒரு பீப்பாவையேனும் நிரப்புக. அடுத்த ஆடியில் அதனைத் திறக்கும்போது அதன் அருமை தானே விளங்கும்.