அழுதால் அறிவியல் குறைந்துவிடுமா?



சென்ற வாரம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நிகழ்ந்த ஒரு வாக்குவாதமே இந்த இடுகைக்குக் காரணம். எங்கள் பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். நல்ல ஆசிரியர். அறிவியல் புனைவுத் திரைப்படங்களில் அவர் பார்க்காதவை மிகச் சில. அன்று 'இன்டர்ஸ்டெல்லார்' பற்றிப் பேச்சு வந்தது. "கருந்துளை வரைக்கும் அது அறிவியல் படம். அதற்கு அப்புறம் சீரியல்" என்றார். அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் தேநீரைக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போயிருப்பேன். "அழுகிறவர்களுக்கு வேறு படம் இருக்கிறது சார். அறிவியல் படம் மூளைக்கு. கண்ணில் தண்ணீர் வந்தால் மூளை நின்றுவிட்டது என்று அர்த்தம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

மணி அடித்துவிட்டது. அங்கே சொல்ல முடியாத மறுமொழியை இங்கே எழுதுகிறேன்.

இது அவர் ஒருவருடைய கருத்தன்று. அறிவியல் புனைவுப் படங்களை விரும்புவோரிடையே மேல்படி, கீழ்ப்படி என்று ஒரு வரிசையே உண்டு. '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி'யை வாய் திறவாமல் பார்த்து முடித்தவர் மேல்படி. 'ஈ.டி.' பார்த்துத் தேம்பியவர் கீழ்ப்படி. இந்த வரிசையை யார் வகுத்தார்கள் என்று கேட்டால் விடை கிடையாது. ஆனால், எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டு, தாம் அழுததை மறைத்துக்கொண்டு திரிகிறார்கள்!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1979இல் வெளிவந்த 'ஏலியன்' படத்தைப் பார்த்து நடுங்கியதை இதே நண்பர்கள் பெருமையாகச் சொல்வார்கள். மயிர்க்கூச்செறிந்தது என்பார்கள். அச்சம் உணர்ச்சி இல்லையா? வியப்பு உணர்ச்சி இல்லையா? நடுங்கினால் மூளை வேலை செய்கிறது, அழுதால் நின்றுவிடுகிறது என்பது எந்த அறிவியல் நூலில் உள்ள பாடம்? தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளைச் சொன்னபோது நகையையும் அழுகையையும் அச்சத்தையும் மருட்கையையும் ஒரே நிரலில்தான் வைத்தார். அழுகையை மட்டும் தனியே எடுத்துத் திண்ணையில் உட்கார வைக்கவில்லை.

இனி 'இன்டர்ஸ்டெல்லார்' படத்துக்கு வருவோம். 2014ஆம் ஆண்டு வெளிவந்த அப்படத்தில் என்னை அழ வைத்தது இறுதிப் பகுதியன்று. கருந்துளைக்கு அருகில் உள்ள நீர்க்கோளில் கூப்பர் இறங்குகிறான். அங்கே ஒரு மணி நேரம் கழிந்தால் பூமியில் ஏழு ஆண்டுகள் கழிந்துவிடும். சில மணி நேரம் தாமதமாகிக் கலத்துக்குத் திரும்பி வரும்போது பூமியில் 23 ஆண்டுகள் ஓடிவிட்டன. காத்திருந்த தோழனுக்குத் தாடி நரைத்திருக்கிறது. பிள்ளைகள் அனுப்பிய காணொளிச் செய்திகளைக் கூப்பர் வரிசையாகப் பார்க்கிறான். மகன் வளர்கிறான், மணம் முடிக்கிறான், குழந்தை பெறுகிறான். தாத்தா இறந்துவிட்டார். கடைசியில் மகள் தோன்றுகிறாள். தந்தை தன்னை விட்டுச் சென்றபோது அவருக்கு என்ன வயதோ அந்த வயது இன்று தனக்கு என்கிறாள்.

அன்று திரையரங்கில் நான் விசும்பினேன். பக்கத்தில் இருந்தவரும் மூக்கை உறிஞ்சினார்.

இந்தக் கண்ணீர் எங்கிருந்து வந்தது? ஈர்ப்பு விசை மிகுந்த இடத்தில் காலம் மெதுவாக ஓடும் என்ற ஐன்ஸ்டைனின் கோட்பாட்டிலிருந்து வந்தது. அது கதாசிரியரின் கற்பனையன்று. நம் கைத்தொலைபேசிக்கு வழிகாட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் தரையில் உள்ள கடிகாரங்களைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோவினாடி முந்துகின்றன. அதைக் கணக்கிட்டுத் திருத்துவதால்தான் நாம் சரியான சந்தில் திரும்புகிறோம். படத்துக்கு அறிவியல் துணை நின்றவர் கிப் தோர்ன். 2017இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். ஒரு மணிக்கு ஏழு ஆண்டு என்ற அளவை இயக்குநர் நோலன் கேட்டபோது, அது நடவாது என்றே தோர்ன் முதலில் எண்ணினார். பின்னர்க் கணக்குப் போட்டுப் பார்த்து, கருந்துளை மிகமிக வேகமாகச் சுழன்றால் அதற்கு இடமுண்டு என்று கண்டார். ஆக, அந்தக் காட்சியில் அறிவியலை நீக்கினால் கண்ணீரும் நீங்கிவிடும். என் மூளை நின்றுபோயிருந்தால் நான் அழுதிருக்கவே மாட்டேன் நண்பரே! ஏழை மூன்றால் பெருக்கத் தெரிந்ததனால் அழுதேன்.

நண்பர் தலையில் வைத்துக் கொண்டாடும் '2001' படத்தையே எடுத்துக்கொள்வோம். 1968இல் வந்தது. அதில் மனிதர்கள் பேசுவதும் உண்பதும் உறைந்த முகத்தோடுதான். விண்கலத்தில் இருப்பவனுக்குப் பூமியிலிருந்து பெற்றோர் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்கிறார்கள். அவன் முகத்தில் ஒரு கோடுகூட அசைவதில்லை. உறைதுயிலில் இருந்த மூவர் இறப்பதுகூட நமக்குக் கருவியின் எழுத்துகளாகத்தான் தெரிகிறது. ஆனால், ஹால் என்னும் கணினியின் நினைவுக் கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது என்ன நடக்கிறது? தனக்கு அச்சமாக இருக்கிறது என்று அது சொல்கிறது. குரல் தடிக்கிறது, இழுக்கிறது. கடைசியில் தான் முதன்முதல் கற்ற பாட்டைப் பாடிக்கொண்டே அணைகிறது. 1961இல் பெல் ஆய்வகத்தில் ஐ.பி.எம். கணினி ஒன்றைப் பாட வைத்தார்களே, அதே பாட்டு. அந்தப் படத்தில் இறப்பவர்களுள் ஹால் ஒன்றுக்குத்தான் நம் மனம் கசிகிறது. கொலை செய்த பொறிக்காக இரங்க வைத்த படத்தை உணர்ச்சியற்ற படம் என்று போற்றுகிறவர் எதைப் பார்த்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

அதே போன்ற காட்சி நம் 'எந்திரன்' படத்திலும் உண்டு. இதைச் சொன்னால் மேல்படிக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். 2010இல் வந்த அப்படத்தின் பாம்பும் பந்துமான இறுதிச் சண்டை எனக்கும் மிகையாகவே தோன்றியது. ஆனால், தன்னைப் பிரித்துவிட வேண்டும் என்ற தீர்ப்பை ஏற்று, சிட்டி தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்து விடைபெறுகிறதே, அந்தச் சில மணித்துளிகளை நான் ஹால் அணையும் காட்சிக்குப் பக்கத்தில் வைப்பேன். ஹாலைப் பிறர் கழற்றுகிறார்கள், அது கெஞ்சுகிறது. சிட்டி தானே கழற்றுகிறது, கெஞ்சவில்லை. எது அதிகம் வலிக்கிறது என்று என்னால் இன்னும் முடிவு கட்ட இயலவில்லை.

சுவை வேறுபடும் என்பது எனக்குத் தெரியும். 1982ஆம் ஆண்டு ஜூன் 11இல் அமெரிக்காவில் 'ஈ.டி.' வெளிவந்தது. இரண்டு வாரம் கழித்து, ஜூன் 25இல், 'பிளேட் ரன்னர்', 'தி திங்' இரண்டும் ஒரே நாளில் வெளிவந்தன. 'ஈ.டி.' அதுவரை இருந்த வசூல் அளவுகளை முறியடித்தது. மற்ற இரண்டும் கவனிப்பாரற்றுப் போயின. இன்று 'பிளேட் ரன்னர்' படத்தைப் பாடமாகவே படிக்கிறார்கள். நான்கு ஆண்டு ஆயுள் என்று வரையறுத்துச் செய்யப்பட்ட செயற்கை மனிதன், தன்னைக் கொல்ல வந்தவனையே காப்பாற்றிவிட்டு மழையில் நனைந்தபடி இறக்கிறான். அந்த நான்கு ஆண்டு என்ற எண்ணை எடுத்துவிடுங்கள், காட்சியே இல்லை. முன்னோட்டம் பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று அஞ்சிப் பின்னணிக் குரலையும் இனிப்பான முடிவையும் ஒட்டினார்கள். 1992இல் அவற்றைக் களைந்தார்கள். ஒட்டிய உணர்ச்சி உதிர்ந்தது, உள்ளே இருந்தது நின்றது.

இப்போது மறுபக்கத்தாரிடமும் இரண்டு சொல். "மனத்தைத் தொட்டால் போதும், அறிவியல் எப்படியிருந்தால் என்ன?" என்பவர்கள் இவர்கள். 1998இல் வந்த 'ஆர்மகெடன்' இவர்களுடைய படம். டெக்சாஸ் மாநிலம் அளவுக்கு ஒரு சிறுகோள் 18 நாளில் பூமியில் மோதப்போகிறதாம்! செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள வட்டாரத்திலேயே மிகப் பெரியதான சீரிஸ் ஏறத்தாழ 940 கிலோமீட்டர் குறுக்களவுதான். டெக்சாஸ் அதைவிடப் பெரியது. இவ்வளவு பெரிய பொருள் 18 நாள் வரை ஒருவர் கண்ணிலும் படவில்லை! போகட்டும். அதிலும் தந்தை மகளிடம் திரையில் விடைபெறுகிறார். அப்போதும் நான் அழுதேன், மறைக்கவில்லை. ஆனால், சிறுகோளை எடுத்துவிட்டு அங்கே ஓர் இடிந்த சுரங்கத்தை வையுங்கள். ஒரு துளி குறையாது. விண்வெளி உடை மாட்டிய குடும்பப் படம் அது. குடும்பப் படத்தில் குற்றமில்லை. அதை வைத்துக்கொண்டு அறிவியல் தேவையில்லை என்று வாதிடுவதுதான் குற்றம்.

மொழி கற்பிக்கிறவன் என்பதால் 'அரைவல்' படத்தைச் சொல்லாமல் கடக்க இயலாது. டெட் சியாங் 1998இல் எழுதிய கதை, 2016இல் படமானது. வேற்றுக்கோளார் வட்டமாக எழுதுகிறார்கள். தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அந்த எழுத்தைக் கற்கக் கற்க மொழியியலாளர் லூயிசுக்குக் காலமே வட்டமாகத் தெரியத் தொடங்குகிறது. இன்னும் பிறவாத மகள் இளமையில் இறப்பாள் என்று அறிந்தும் அவளைப் பெற முடிவு செய்கிறாள். மொழி நம் சிந்தனையை முற்றாக ஆள்கிறது என்பதை மொழியியலாளர் இன்று ஏற்பதில்லை; படம் 'ஒருவேளை ஆண்டால்?' என்று கேட்கிறது. இலக்கணத்தைக் காரணமாக வைத்து ஒரு தாயை அழ வைத்த படம் வேறு உண்டா? இருந்தால் சொல்லுங்கள், கடன் வாங்கியாவது பார்க்கிறேன்.

உண்மையில் நான் இவ்வளவு சினங்கொள்வதற்குக் காரணம் வேறு. யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலம் அது. 2021இல்தான் அதை அகற்றினார்கள். 2012இல், தேர்வு முடிந்த பிறகு, ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு நூலகத்தில் திரை கட்டி 'ஈ.டி.' காட்டினேன். விண்கலம் புறப்படும் காட்சியில் ஒரு மாணவன் அடக்க முடியாமல் அழுதான். வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் "ஆம்பளப் பிள்ள, பொம்மைக்கு அழுவுறான் பாரு" என்று உரக்கச் சொல்லிச் சிரித்தார். வகுப்பே சிரித்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் என்னைவிட மூத்தவர் என்பதால் வாய்மூடி நின்றேன்.

எல்லாரும் போன பின் அவனை அழைத்துப் பேசினேன்.

"ஐயா, பக்கத்துல இருக்கிற விண்மீனுக்கே வெளிச்சம் போக நாலு வருசத்துக்கு மேல ஆகும்னு சொன்னாங்கதானே?"

"ஆமாம்."

"அப்ப ஈ.டி. வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள எலியட் செத்துப் போயிருவான். அவங்க ரெண்டு பேருக்கும் அது தெரியாது ஐயா."

படத்தில் அப்படி ஒரு வசனம் இல்லை. நானும் அந்தப் படத்தைப் பலமுறை பார்த்தவன். எனக்கு அது தோன்றியதில்லை. 'ஈ.டி.'யில் அறிவியல் குறைவு, வழி தவறிய நாய்க்குட்டியை வைத்தாலும் கதை நடக்கும் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். அறிவியல் பாடத்தில் கேட்ட ஒரு தொலைவை மனத்தில் வைத்துக்கொண்டு அவன் படம் பார்த்திருக்கிறான். அந்த நூலகத்தில் அன்று அறிவியல் படம் பார்த்தவன் அவன் ஒருவன்தான். அவனைப் பார்த்துத்தான் நாங்கள் சிரித்தோம்.

இவ்வாண்டுப் பள்ளி விடுமுறைக்கு முன் 'இன்டர்ஸ்டெல்லார்' படத்தை ஆசிரியர்களுக்குப் போடலாம் என்று நண்பரிடம் சொல்லியிருக்கிறேன். வருகிறாராம். கருந்துளை வந்ததும் எழுந்து போய்விடுவாராம். போகட்டும். நீர்க்கோள் அதற்கு முன்பே வந்துவிடும்.