உடைக்கச் சொன்ன கவி காக்கவும் சொன்னார்

2024 ஜூலையில் டாக்கா வீதிகளில் அரசுக்கு எதிராகப் போராடிய மாணவர்கள் பாடிய பாட்டுகளில் ஒன்று நூறு வயதைக் கடந்தது. சிறையின் இரும்புக் கதவைத் தகர்க்கச் சொல்லும் அந்தப் பாட்டை வங்கக் கவி காஜி நஸ்ருல் இஸ்லாம் 1921 இறுதியில் எழுதினார். விடுதலைப் போராட்டத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் சிறையில் இருந்த நேரம். அவருடைய 'பாங்ளார் கதா' இதழுக்காக எழுதிய பாட்டு. அது இடம்பெற்ற 'பாங்கார் கான்' தொகுப்பை 1924இல் பிரிட்டிஷ் அரசு தடை செய்தது. பாகிஸ்தான் ராணுவ ஆட்சிக் காலத்தில், 1970இல், இயக்குநர் ஜஹீர் ரைஹான் தன் படத்தில் அதைச் சேர்த்தார். எந்த ஆட்சி கதவைச் சாத்தினாலும் வங்காளிகளுக்கு இந்தப் பாட்டு நினைவுக்கு வந்துவிடுகிறது.

2023இல் 'பிப்பா' என்ற இந்திப் படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மான் இதற்குப் புது மெட்டுப் போட்டபோது இந்திய–வங்கதேச எல்லைக்கு இருபுறமும் கோபம் கிளம்பியது. தயாரிப்பாளர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். ஒரு மெட்டுக்கா இத்தனை ஆவேசம் என்று இங்கே சிலருக்குத் தோன்றியிருக்கலாம். எனக்கு அந்தக் கோபம் நியாயமாகவே படுகிறது. பழைய மெட்டில் ஒவ்வொரு அடியும் சம்மட்டிபோல் விழும். பாட்டுப் பயிற்சி இல்லாதவரும் ஊர்வலத்தில் நடந்தபடியே பாடலாம். அந்தத் தாளத்தை எடுத்துவிட்டால் பாட்டில் பாதி போய்விடுகிறது.

உடைக்கச் சொல்லும் இந்தக் குரல் நம் பாரதியிடமும் உண்டு. பாரதி மறைந்தது 1921 செப்டம்பரில். அதே ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவில், 22 வயது நஸ்ருல் 'பித்ரோஹி' (கலகக்காரன்) கவிதையை எழுதினார். இருவரும் சந்தித்ததில்லை. ஆனால் பாரதியின் 'ஊழிக்கூத்'தில் மூவுலகும் அழிந்தபின் சிவனைக் கண்டு அன்னையின் சினம் தணிகிறது. நஸ்ருலின் 'பிரளயோல்லாஸ்' அழிவைப் புதியது பிறக்கும் வேதனையாகக் காண்கிறது. இருவருக்குமே அழிவு இடைவழிதான். இதைக் கவனிக்காமல் பாடுபவர்கள் பாதிப் பாட்டைத்தான் பாடுகிறார்கள்.

அதன் விலையையும் பார்த்தோம். 2024 ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறினார். அடுத்து வந்த நாட்களில் இந்துக்களின் வீடுகளும் கோயில்களும் தாக்கப்பட்டன. பிறகு சூஃபி தர்காக்களும். கோயில் வாசல்களில் மாணவர்கள் இரவெல்லாம் காவல் நின்ற ஊர்களும் உண்டு. நஸ்ருலைச் சரியாகப் படித்தவர்கள் அவர்கள்தான் என்பேன்.

ஏனென்றால், 1926இல் கல்கத்தாவில் இந்து–முஸ்லிம் கலவரம் மூண்டபோது இதே கவி 'காண்டாரி ஹுஷியார்' எழுதினார். நடுக்கடலில் தத்தளிக்கும் மக்களிடம் மதம் கேட்பவரைச் சாடி, படகோட்டியை எச்சரிக்கும் பாட்டு அது. காளிமீதும் பாடினார், நபிமீதும் பாடினார். பிரமிளா என்ற இந்துப் பெண்ணை மணந்து, முதல் மகனுக்குக் கிருஷ்ண முகம்மது என்று பெயர் வைத்தார். ஆட்சியின் சிறையை உடைக்கச் சொன்னவர், அண்டை வீட்டுக் கதவில் கைவைக்கச் சொல்லவில்லை.

நஸ்ருலின் சமாதி டாக்கா பல்கலைக்கழக வளாகத்தில், மசூதிக்கு அருகே இருக்கிறது. 2024 போராட்டத்தின் மையமும் அந்த வளாகம்தான். அங்கே இரும்புக் கதவுப் பாட்டைப் பாடும் ஒவ்வொரு மேடையிலும் படகோட்டியின் பாட்டையும் சேர்த்துப் பாட வேண்டும். பாடப்புத்தகத்திலும் இரண்டையும் அருகருகே வைக்க வேண்டும்.