பாத்திரம் ஊறட்டும்!

போன மாதம் நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் பாய் சொல்லப் பத்தமடைக்குப் போயிருந்தேன். பெண், மாப்பிள்ளை பெயரைப் போட்டே நெய்து தருவார்கள். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற பாயாயிற்றே! கோரையைத் தாமிரபரணித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மெல்லிசாகக் கிழித்து, பருத்தி நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். நயமான பட்டுப்பாய் என்றால் வாரக்கணக்கில் ஆகும்.

நெய்துகொண்டிருந்த அம்மாளிடம், "வீட்டு வேலைக்கு நடுவுல இது எப்படி முடியுது?" என்று கேட்டேன்.

"வெளிச்சம் இருக்கையிலே தறிதான் யம்மா. கண்ணும் கையும் அப்பத்தான் தெளிவா இருக்கும். பாத்திரம் எங்க போயிரப் போவுது? மங்கல்லயும் கழுவிக்கிடலாம். மங்கல்ல இழை தெரியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டில் எல்லாம் தலைகீழ். அடுப்புமேடை பளபளக்கும். சின்னவன் கதை கேட்டு முந்தானையை இழுத்தால், "இந்தா வாரேன்டா!" போய்ப் பார்த்தால் தூங்கியிருப்பான். கொஞ்ச நாளாக அவன் கேட்பதே இல்லை. அதைக் கவனிக்கவே எனக்குப் பத்து நாள் ஆயிற்று.

இப்போது எட்டு மணிக்கு அடுப்படி விளக்கை அணைத்துவிடுகிறேன். பாத்திரம் தொட்டியில் ஊறுகிறது. (முதலில் முகம் சுளித்த அத்தையும் இப்போது கதை கேட்க வந்து உட்கார்கிறார்கள்!) இரண்டு நாள் பயல் சுவரைப் பார்த்தே படுத்திருந்தான். நேற்றுதான் இந்தப் பக்கம் புரண்டு, "பெறவு அந்த நரி என்னாச்சும்மா?" என்றான்.