250 நாட்களின் சாட்சி

வங்கிகளும் ஓய்வூதிய நிதியங்களும் தம் முதலீடுகளில் எவ்வளவு நட்டம் நேரக்கூடும் என்பதை இக்காலத்தில் ஒற்றை எண்ணாற் கூறிவிடுகின்றன. ‘இடருக்குட்பட்ட பெறுமதி’ என்பது அவ்வெண்ணின் பெயர். 100 நாட்களில் 99 நாட்களுக்கு நட்டம் இத்தொகையை மீறாது என்பது அதன் பொருள். எஞ்சிய ஒரு நாளில் எவ்வளவு போகும் என்பதை அது சொல்வதில்லை.

அவ்வெண், சென்ற நாட்களின் விலை மாற்றங்களை மாதிரியாகக் கொண்டு மதிப்பிடப்படுவது. 1996 ஆம் ஆண்டின் பாசெல் விதிகள் குறைந்தது ஓராண்டுத் தரவைக் கேட்டன. ஓராண்டின் வணிக நாட்கள் ஏறத்தாழ 250. அவற்றுள் நூற்றுக்கு ஒரு பங்கு இரண்டரை நாள். நட்டங்களை வரிசைப்படுத்திக் கணிக்கும் முறையில், கொடிய நாட்கள் இரண்டு மூன்றின் மீதே முழுக்கணக்கும் நிற்கின்றது. அவற்றுள் ஒன்று மாதிரிக்குள் வராது விடுபட்டிருப்பின் விடை வேறாகும். இத்தகைய எண்ணை இரண்டு தசமதானம் வரை எழுதிக் காட்டுவதை நாம் ஏற்பதற்கில்லை.

மாதிரி எக்காலத்தது என்பது இதனினும் பெரிய வினா. நம் நாட்டு ரூபாவே தக்க சான்று. 2021 செப்ரெம்பர் முதல் 2022 மார்ச்சுத் தொடக்கம் வரை ஒரு டொலரின் விலை 200 ரூபாவுக்குச் சற்று மேலாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அம்மாதங்களின் தரவைக்கொண்டு எவரேனும் கணித்திருப்பின், செலாவணி இடர் ஏறக்குறைய இல்லையென்றே விடை வந்திருக்கும். கணக்கிற் பிழையில்லை, விலையின் அசைவைக் கொள்கை கட்டியிருந்தது. மார்ச்சு 7 ஆந் திகதி அக்கட்டுத் தளர்ந்தது. மே மாத நடுவில் டொலர் ஏறத்தாழ 360 ரூபா. டொலரிற் கடன்பட்டு ரூபாவில் வருவாய் பெற்றோரின் நிலையை விரிக்க வேண்டுவதில்லை. யூரோவொன்றுக்கு 1.20 பிராங் என 2011 முதற் காத்த எல்லையைச் சுவிஸ் மத்திய வங்கி 2015 சனவரி 15 இற் கைவிட்டபோதும் இதுவே நிகழ்ந்தது.

அறிஞர் இக்குறையை அறியாதவரல்லர். எல்லைக்கு அப்பாற்பட்ட நட்டங்களின் சராசரியை, நெருக்கடிக் காலத் தரவோடு பொருத்திக் கணிக்குமாறு 2019 ஆம் ஆண்டின் பாசெல் விதிகள் பணிக்கின்றன. நன்றே. ஆயினும் நூற்றுக்கு இரண்டரைப் பங்கென்னும் அவ்வெல்லைக்கு அப்பால், 250 நாட்களில் ஆறு நாட்களே அகப்படும்.

ஆதலின் எண்ணோடு அதன் வழுவின் வீச்சும், தரவு எத்தனை நாட்களது, எக்காலத்தது என்பதும் வைப்பாளர் அறிய வெளியிடப்படல் வேண்டும். வங்கிகளிலும் கணக்காய்வுத் துறையிலும் பணிபுரியும் பழைய மாணவர் இக்கோரிக்கையை ஆண்டறிக்கை வரையும் வேளையிலேயே எழுப்பலாம். பொதுக்கூட்டத்தில் எழுப்புவது காலங்கடந்த செயல்.