எழுத்தாக இருந்தால்தான் காதில் விழும்

பார்வையற்றவர்கள் செல்பேசியில் எப்படிப் படிக்கிறார்கள்? பலர் கேட்கத் தயங்கும் கேள்வி இது. ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர், விண்டோஸ் கணினியில் என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பு மென்பொருள்கள் திரையில் உள்ளதைக் குரலாக்கித் தருகின்றன. டாக்பேக்கில் விரல் பட்ட இடத்தில் என்ன இருக்கிறது என்று செல்பேசி சொல்லும்; இருமுறை தட்டினால் அது திறக்கும். என்.வி.டி.ஏ.வை 2006இல் எழுதத் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கரனும், பிறகு அவருடன் சேர்ந்த ஜேம்ஸ் தேயும் பார்வையற்றவர்கள். எவரும் காசில்லாமல் பயன்படுத்தட்டும் என்றே அதை வெளியிட்டார்கள்.

இந்த மென்பொருள்கள் தமிழும் வாசிக்கும். ஆனாலும் ஒரு சுற்றறிக்கையையோ தேர்வு அறிவிப்பையோ படிக்க முடியாமல் பார்வையற்ற மாணவர்கள் இன்னொருவரை நாட வேண்டியிருக்கிறது. குறை பெரும்பாலும் அந்த ஆவணத்தில்தான்.

திரைவாசிப்பான் எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. அதற்குப் பின்னால் உள்ள குறியீட்டு எண்ணைப் படிக்கிறது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் ‘அ’வின் எண் 2949. எந்தக் கருவிக்குப் போனாலும் அது ‘அ’தான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் அப்படியல்ல. அவற்றில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. மேலே தெரிவது மட்டுமே தமிழ். பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் திரைவாசிப்பானுக்குக் கிடைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். கண்ணுக்குப் பிழையே தெரியாது. காதுக்குப் பொருளே இருக்காது.

அச்சிட்டு, கையொப்பமிட்டு, ஸ்கேன் செய்து அனுப்பும் பி.டி.எஃப். நிலை இன்னும் மோசம். அது வெறும் படம்; அதில் எழுத்தே இல்லை. படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் ஓ.சி.ஆர். ஓரளவு கைகொடுக்கும். ஆனால் கோணலாக எடுத்த படத்திலும் அட்டவணையிலும் அது தடுமாறும். தேதியும் கட்டணமும் அட்டவணையில் இருந்தால் ஒரு பிழையே விண்ணப்பத்தைக் கெடுத்துவிடும்.

தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. மின்னணு ஊடகத்தில் வருபவை அணுகத்தக்க வடிவில் இருப்பதற்கு அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு. ஆகவே இது சலுகை அல்ல, உரிமை.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். கையொப்பமிட்ட படத்தை அனுப்பியே ஆகவேண்டுமென்றால், அதே செய்தியை எழுத்தாகவும் உடன் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அழைப்பிதழை அனுப்பும்போது நாள், நேரம், இடத்தைக் கீழே எழுதுங்கள். ஒளிப்படத்துக்கு ஒரு வரி விளக்கம் கொடுங்கள்.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை போதும். ஆவணத்தில் ஒரு பத்தியை நகலெடுத்து, மின்னஞ்சல் பெட்டியில் எழுத்துருவை விட்டு வெறும் எழுத்தாக ஒட்டிப் பாருங்கள். தமிழ் சிதையாமல் வந்தால் அனுப்பலாம். நகலெடுக்கவே முடியாவிட்டாலோ, ஆங்கிலக் குப்பையாக வந்தாலோ, அந்த ஆவணம் இன்னும் முடியவில்லை என்று பொருள். ஒவ்வொரு அலுவலகமும் பள்ளியும் பத்திரிகையும் இந்தச் சோதனையை இன்றே வழக்கமாக்க வேண்டும்.